வன்னியின் கோட்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டுக்கு ஒருமுறை தரம் ஒன்பது, பத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வவுனியாவிலிருந்து மன்னார், அங்கிருந்து கரையோர வீதியால் பூநகரி என்று கோட்டை பார்க்கப் போவது என் வழக்கம். வரலாறு படிப்பிப்பவனுக்கு அது திருவிழா மாதிரி. பஸ் செட்டிகுளம் தாண்டுவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகு எழுதி வைத்த பதில்கள் இவை.

வன்னியில் உண்மையாகவே கோட்டை இருக்கிறதா, சேர்?

இருக்கிறது. மதில் நின்று கண்ணால் பார்க்கக்கூடியவை மூன்று. மன்னார்த் தீவின் வாசலில் ஒன்று, அதற்குத் தெற்கே அரிப்பில் ஒன்று, வடக்கே பூநகரியில் ஒன்று. இருந்து மறைந்தவை ஆனையிறவும் முல்லைத்தீவும். வன்னி என்று நான் சொல்வது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நான்கு மாவட்டங்களும் சேர்ந்த நிலத்தை. மன்னார்த் தீவை வன்னிக்குள் சேர்த்தால் மன்னார்க்காரர் சிலருக்குக் கோபம் வரும். தேர்தல் மாவட்டமாக இன்றும் மன்னார் வன்னியோடுதான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

இந்த ஐந்து இடங்களையும் வரைபடத்தில் பென்சிலால் புள்ளியிடுமாறு பிள்ளைகளிடம் சொல்வேன். எல்லாம் கடற்கரையில், இல்லாவிட்டால் கடனீரேரியின் விளிம்பில் விழும். வன்னியைச் சுற்றி ஒரு வளையம் போல் தெரியும். நடுவில் வெறுமை. "நடுவில் ஏன் ஒன்றும் இல்லை?" என்று அவர்களே கேட்கும்வரை நான் பேசாமல் இருப்பேன். கேட்டுவிட்டால் அன்றைய பாடத்தில் பாதி முடிந்தது.

நடுவில் ஏன் ஒன்றும் இல்லை?

அங்கே காடு இருந்தது. பழந்தமிழ் மரபு அரணை நான்காகப் பிரிக்கும்: நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண். இவற்றில் மலை மட்டும் நமக்கு வாய்க்கவில்லை. தெற்கே இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் சிகிரியாவின் தலையில் ஏறி உட்கார்ந்தான். 13ஆம் நூற்றாண்டில் யாப்பகூவப் பாறை தலைநகரானது. அந்த யாப்பகூவவையும் பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி வந்து சூறையாடி, புத்தரின் தந்ததாதுவை எடுத்துப் போனான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பாறை உயரமாக இருந்தால் மட்டும் போதாது.

வன்னியின் பாதுகாப்பு வேறு வகை. பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த வறள்காடு. அதற்குள் நடந்துபோகத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும் ஒற்றையடிப் பாதை. மாரியில் வாய்க்காலும் அருவியும் வழியை மறிக்கும். கோடையில் குளம் வற்றினால் குடிக்கத் தண்ணீர் இல்லை. போதாக்குறைக்கு மலேரியா. வெளியிலிருந்து வரும் படைக்கு எதிரியின் அம்பை விடக் காய்ச்சல்தான் பெரிய பயம். இத்தனையும் இருக்கும்போது மதில் எதற்கு? அடங்காப்பற்று என்று இந்த நிலத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு. அடங்காத பற்று; பற்று என்றால் நிலப்பிரிவு. அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது கல்மதில் அல்ல என்பது என் துணிபு.

ஆங்கிலப் படங்களில் வரும் அரண்மனைக் கோட்டைகள் ஏன் இங்கே இல்லை?

ஐரோப்பாவில் அது நிலப்பிரபுவின் வீடு. வீட்டுக்குள் அவனுடைய குடும்பம், களஞ்சியம், சிறை, வழிபாட்டு இடம் எல்லாம் இருக்கும். சுற்றிலும் அவனுக்கு உழுதுகொடுக்கும் குடியானவர்கள் இருப்பார்கள். கோட்டை கண்ணில் பட்டாலே வரி ஞாபகம் வரவேண்டும் என்பதற்காகவே மேட்டில் கட்டினார்கள். வன்னியில் செல்வம் குளத்தில் இருந்தது. குளமும் வயலும் மாடும் உள்ள ஊர்த் தலைவன் மண்சுவர் வைத்து ஓலை வேய்ந்த வீட்டில் இருந்தாலும் தலைவன்தான். மண்ணும் மரமும் ஓலையும் நூறு மாரி தாங்காது. எனவே தோண்டினாலும் பார்க்க அதிகம் அகப்படாது. எதுவும் கட்டவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிற்கவில்லை என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று நாம் பார்க்கும் மூன்று கோட்டைகளும் மத்திய காலத்தவை அல்ல. பீரங்கி வந்த பிறகு, கடல் கடந்து வந்தவர்கள் கட்டியவை.

அப்படியானால் மத்திய காலத்தில் வன்னியில் அரணே கிடையாதா?

இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1215இல் கலிங்கத்து மாகன் பெரும்படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்தான். அவன் எங்கெங்கே படைமுகாம் அமைத்தான் என்று சூளவம்சம் ஒரு பட்டியல் தருகிறது. அந்த நூலை எழுதிய பிக்குகளுக்கு மாகனைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் இடப்பெயர்களை விடாமல் எழுதி வைத்தார்கள், அந்த வகையில் நன்றி. பட்டியலில் மகாதீர்த்தம் வருகிறது, அது மாந்தை. மன்னார் அதே பெயரில் வருகிறது. மதுபாதபதீர்த்தம் என்று ஒன்று வருகிறது. இலுப்பை மரத்துறை என்பது அதன் பொருள். மன்னாரிலிருந்து பூநகரி போகும் வீதியில் இருக்கும் நம் இலுப்பைக்கடவைதான் அது என்று ஆய்வாளர் கொள்கின்றனர். பஸ் இலுப்பைக்கடவையில் தேநீருக்கு நிற்கும்போது இதைச் சொல்வேன். எண்ணூறு ஆண்டுக்கு முந்திய படைமுகாமில் நின்று வடை சாப்பிடுகிறோம் என்று தெரிந்ததும் பிள்ளைகள் சுற்றும் முற்றும் பார்ப்பார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் பார்க்கட்டும்.

மாந்தையில் மட்டும் பார்க்க இருக்கிறது. அனுராதபுர அரசின் பெருந்துறைமுகம் அது. அரபு நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையிலான வணிகத்தில் பொருள் கைமாறிய இடம். பழைய நகரம் புதைந்து கிடக்கும் மேட்டைச் சுற்றி லாடம் போல் வளைந்த இரட்டை அகழி இருந்தது. 1980இல் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் அகழாய்வு தொடங்கியது. 1984இல் போர்ச் சூழலால் நின்றது. கால் நூற்றாண்டு கழிந்துதான் மறுபடி மண்வெட்டி பட்டது. அகழி வெட்டி நகரைக் காத்தவர்கள் நம்மிடம் இருந்தார்கள் என்பதற்கு அந்த இரட்டை வளையம் போதும்.

வன்னியர் என்பவர்கள் யார்? அரசர்களா?

குறுநிலத் தலைவர்கள். பொலன்னறுவை வீழ்ந்த பிறகு வடக்கே யாழ்ப்பாண அரசும் தெற்கே சிங்கள அரசுகளும் எழுந்தன. இரண்டுக்கும் இடையில் கிடந்த காட்டு நிலத்தை இவர்கள் ஆண்டார்கள். பலம் உள்ள பக்கத்துக்குத் திறை கொடுத்தார்கள். பலம் குறைந்தது தெரிந்தால் கொடுக்க மறந்தார்கள். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி ஆகியவை அவர்களுடைய பற்றுகளில் முக்கியமானவை. இவற்றுள் பனங்காமத்துக்கே பெயர் பெரிது. அங்கே இருந்த கைலாய வன்னியன் யாழ்ப்பாணம் போய் ஒல்லாந்தரைப் பணிய மறுத்தவர். இதை ஒல்லாந்தரே எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார்கள். எதிரியின் புகாரை விட நல்ல நற்சான்றிதழ் வேறு இல்லை.

மன்னார்க் கோட்டையை யார், எதற்காகக் கட்டினார்கள்?

போர்த்துக்கேயர், 1560இல். கதை அதற்குச் சற்று முன்பே தொடங்குகிறது. மன்னார்க் கரையில் மீன்பிடியும் முத்துக்குளிப்பும் செய்த மக்கள் கத்தோலிக்க சமயத்துக்கு மாறினார்கள். மாறியவர்கள் போர்த்துக்கேய மன்னனின் குடிகளாகிவிடுவார்கள் என்று யாழ்ப்பாண அரசன் சங்கிலி அஞ்சினான். அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லாமலும் இல்லை. 1544இல் அவர்களைக் கொல்வித்தான். ஏறக்குறைய அறுநூறு பேர் என்பது வழக்கில் உள்ள கணக்கு. தோட்டவெளித் தேவாலயத்தில் இன்றும் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூர்கிறார்கள். சங்கிலியை வீரனாக மட்டும் படித்த பிள்ளைகள் இந்த இடத்தில் குழம்புவார்கள். குழம்பட்டும் என்று விட்டுவிடுவேன். மன்னார்ப் பிள்ளை ஒன்றும் யாழ்ப்பாணப் பிள்ளை ஒன்றும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்து இதைப் பேசித்தீர்ப்பது நல்லது.

1560இல் கோவாவின் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தாந்தினோ த பிரகன்சா கப்பற்படையோடு யாழ்ப்பாணத்தைத் தாக்கினான். நல்லூரைப் பிடித்தும் தங்கமுடியவில்லை. திரும்பும் வழியில் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டைக்கு அடிக்கல் இட்டான். எதிர்க்கரைப் புன்னைக்காயலில் இருந்த கத்தோலிக்கப் பரதவர் பலரைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள். நிலத்தைப் பிடிப்பவன் முதலில் ஆளைக் கொண்டுவருவான். பிறகுதான் கல் வரும்.

மன்னாரை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு வரைபடத்தைப் பார்த்தால் போதும். இராமேசுவரத்தை நோக்கி நீளும் மணல்திட்டுகளின் இந்தப் பக்க முனை மன்னார்த் தீவு. கோட்டை நிற்பது தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கடல் ஒடுங்கும் வாயில். வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெரிய கப்பல் கடக்க முடியாத ஆழம். சிறு படகுகள் இந்த வழியாகவே போகவேண்டும். போகும் படகை எல்லாம் கோட்டையிலிருந்து எண்ணலாம். தெற்கே முத்துப்படுக்கை வேறு. இத்தனை இலாபம் ஒரே இடத்தில் அகப்பட்டால் எந்த வியாபாரி விடுவான்?

1658 பெப்ரவரியில் ஒல்லாந்தர் இதைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. பழையதை இடித்தும் திருத்தியும் ஒல்லாந்தர் கட்டியதே இன்று நாம் பார்க்கும் உருவம்: நான்கு பக்கம், நான்கு மூலையிலும் வெளியே துருத்தி நிற்கும் கொத்தளம், சுற்றி அகழி, உள்ளே கூரை இழந்த தேவாலயம். 1795 அக்டோபரில் ஆங்கிலேயர் வந்தனர். பாலத்தைக் கடந்து மன்னார் நகருக்குள் நுழையும்போதே அருகில் மதில் தெரியும். அதனால்தானோ என்னவோ, பலர் பஸ்ஸில் இருந்தே பார்த்துவிட்டு நேராகப் பெருக்கமரம் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

திருக்கேதீச்சரத்தை இடித்த கல்லால்தான் மன்னார்க் கோட்டை கட்டினார்களா?

அப்படித்தான் வழிவழியாகச் சொல்லி வருகிறோம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பழைய கோயில் போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்தது. கோட்டையோ சில கிலோமீற்றர் தூரத்தில் அதே காலத்தில் எழுந்தது. கல் கிடைக்காத மணல்பூமியில் வெட்டித் தயாராகக் கிடக்கும் கல்லை எவனும் விடமாட்டான். இருந்தாலும் மதிலில் நீங்கள் அதிகம் காண்பது முருகைக்கல். கடலில் எடுத்த அந்தப் பவளக்கல்லைச் செதுக்கி, சூளையில் சுட்ட சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள். எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்டும் வழிகாட்டி யாராவது அகப்பட்டால் சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

அரிப்பில் இருப்பது அல்லிராணிக் கோட்டையா?

இந்தக் கேள்விக்குத்தான் ஆண்டுதோறும் அதிக நேரம் போகிறது. அரிப்பில் இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம்.

ஒன்று உண்மையான கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தரிடம் போனது. ஏறக்குறையச் சதுரம், இரண்டே கொத்தளம், சிறியது. முத்துக்குளிப்புக் காலத்தில் கடலில் இறங்கும் வள்ளங்களுக்கும், கரையில் திடீரென்று முளைக்கும் கூடார நகரத்துக்கும் காவல் இருப்பதே அதன் வேலை. சில வாரங்களுக்கு மட்டும் சந்தையும் சாராயமும் களவும் வழக்குமாகக் கொதிக்கும் கரை அது. பிறகு சிப்பி நாற்றம் மட்டும் மிஞ்சும்.

மற்றது அதற்குத் தெற்கே, கடல் விளிம்பில் செங்கல் தூண்களாக நிற்கும் இடிபாடு. ஊரார் அல்லிராணிக் கோட்டை என்பது இதைத்தான். அருச்சுனனை அலைக்கழித்த அல்லியரசாணி இங்கே இருந்து ஆண்டாள், முத்து அவளுடையது, குதிரைமலையில் அவளுக்கு அரண்மனை என்றெல்லாம் கதை நீளும். நல்ல கதை. ஆனால் கட்டடத்துக்கு வயது இருநூறு சொச்சம். இலங்கையின் முதலாவது ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை அது. கிரேக்கத் தோரிக் பாணித் தூண்கள் வைத்தான். அதனால் தோரிக் மாளிகை என்பது அதன் மறுபெயர். அதில் காவல் மதிலும் இல்லை, பீரங்கித் தளமும் இல்லை. கடல் கரையை அரித்து அரித்து ஒவ்வொரு துண்டாக வாங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் ஒரு பிள்ளையாவது முகம் வாடும். அல்லிராணி பொய்யா என்று கேட்கும். முத்தில் பெண்ணரசிக்கு உரிமை இருந்தது என்று ஒரு கரையே நம்ப விரும்பியிருக்கிறது, அந்த விருப்பம் உண்மை என்று சொல்வேன். கட்டடத்தை மட்டும் நோர்த்தின் கணக்கில் எழுதச் சொல்வேன். பரீட்சைத்தாள் திருத்துபவருக்கு அல்லிராணியைத் தெரியாதே.

ரொபர்ட் நொக்ஸ் வன்னி வழியாகத்தான் தப்பினாரா?

ஆம், அரிப்புக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தார். ஆங்கிலேய மாலுமியான நொக்ஸ் 1660இல் கண்டி அரசன் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டார். சிறைக்கூடம் இல்லை. ஊரில் வீடு, சிறு வியாபாரம், வெளியேற மட்டும் அனுமதி இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் அப்படிப் போனது. 1679இல் ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழரோடு வியாபாரம் செய்யப் போவதாகப் பாவனை செய்துகொண்டு அனுராதபுரம்வரை வந்தார். பிறகு மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். நாம் அருவியாறு என்று சொல்வது அந்த ஆறுதான். அந்த அக்டோபரில் அரிப்பில் ஒல்லாந்தர் அவரை வரவேற்றார்கள்.

அவர் வழி கேட்கவே அஞ்சி நடந்த காடு எங்கள் காடு. அன்று காட்டரண் என்பது எப்படி வேலை செய்தது என்று தெரியவேண்டுமானால் படையின் கதையை விட இரண்டு அகதிகளின் கதை தெளிவாகக் காட்டும். ஆறு மட்டும் வழிகாட்டாவிட்டால் அவர்கள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

பூநகரிக் கோட்டை ஏன் இவ்வளவு சின்னது? இரண்டே மூலையில் மட்டும் கொத்தளம் வைத்தது காசு போதாமலா?

காசும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கு மிக அழகானது. கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து காட்டுவேன்.

பீரங்கி வருவதற்கு முன் மதிலை உயரமாகக் கட்டினார்கள். ஏணி வைத்து ஏற முடியாமல் இருந்தால் போதும். பீரங்கி வந்த பிறகு உயரம் ஆபத்தானது. ஒரு குண்டு பட்டால் உயர்ந்த மதில் சரிந்து உள்ளேயே விழும். எனவே மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, நடுவில் மண் அடைத்தார்கள். அடுத்த சிக்கல், மதிலின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரி. மேலிருந்து குனிந்தால்தான் அவன் தெரிவான். குனிந்தால் தலை போகும். அதற்குத்தான் கொத்தளம். மூலையில் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் அங்கிருந்து மதிலின் ஓரமாக நேரே சுடலாம். ஒரு கொத்தளம் தன்னைத் தொட்டு நிற்கும் இரண்டு மதில்களைக் காக்கும். எனவே சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வைத்தால் நான்கு மதிலும் காவலுக்குள் வந்துவிடும். பெரும்படை முற்றுகையிட்டால் போதாது. ஆனால் பூநகரிக்குப் பெரும்படை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

போர்த்துக்கேயர் கட்டினார்கள். மதில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய முப்பது மீற்றர். 1770இல் ஒல்லாந்தர் விரிவாக்கினார்கள். 1805இல் ஆங்கிலேயர் அங்கே ஒரு தங்குமடம் வைத்தார்கள். எதிரே கடனீரேரி, அதற்கு அப்பால் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தை வைத்திருப்பவனுக்கு வன்னிப் பக்கத்துப் படலை இதுதான். சங்குப்பிட்டிப் பாலம் 2011 ஜனவரியில் திறக்கும்வரை அந்தப் படலையைத் திறந்து மூடியது படகுத்துறை. கடந்த போரிலும் பூநகரிக்காக இரண்டு பக்கமும் இரத்தம் சிந்தியதற்குக் காரணம் போர்த்துக்கேயர் கண்ட அதே காரணம். புவியியல் கட்சி மாறுவதில்லை.

ஆனையிறவில் கோட்டை இருந்ததாமே?

ஒல்லாந்தர் காலத்தில் இருந்தது. குடாநாட்டின் கழுத்தில் வரிசையாக மூன்று காவலரண்கள் வைத்தார்கள்: ஆனையிறவு, பெஸ்கூட்டர், பைல். பின்னைய இரண்டும் ஒல்லாந்துப் பெயர்கள். நம் வாயில் நுழைய மறுப்பதால் மறந்துபோயின. வன்னியிலிருந்து ஆள் வருவதைத் தடுக்கவும், வருவதில் ஆயம் வாங்கவும் ஏற்ற இடம்.

ஆனையிறவு என்ற பெயரே வியாபாரத்தைச் சொல்லிவிடுகிறது. வன்னியர் ஒல்லாந்தருக்குச் செலுத்திய திறை யானைகள். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமற்ற இந்த நீரில் இறக்கி யாழ்ப்பாணத்துக்கு நடத்திப் போனார்கள். அங்கே இந்திய வியாபாரிகள் வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் ஆனைப்பந்திச் சந்தியில் பஸ் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். பந்தியில் நின்றது எங்கள் காட்டு யானை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. 2000 ஏப்ரலிலும் 2009 ஜனவரியிலும் ஆனையிறவு கைமாறிய கதை உங்கள் அப்பா அம்மாவுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். அவர்களிடம் கேளுங்கள்.

பண்டாரவன்னியன் பிடித்த முல்லைத்தீவுக் கோட்டையைப் பார்க்க முடியுமா?

முடியாது. இதுதான் கோட்டை என்று காட்ட மதில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடற்கரையில் ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய சிறு கோட்டை அது. 1780களில் வன்னியரை ஒடுக்கிய பிறகு லெப்டினன்ட் தோமஸ் நாகல் என்ற ஒல்லாந்து அதிகாரி வன்னியை நிர்வகித்தான். 1793இல் வன்னியைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பும் எழுதினான். 1795இல் முல்லைத்தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது.

1803 ஜூனில் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அந்தச் செய்தி காடு முழுவதும் பரவியது. கண்டியோடு உறவு வைத்திருந்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் காலம் பார்த்து 1803 ஆகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். காவல்படை கடல் வழியே தப்பியது. பீரங்கிகள் அவன் கைக்கு வந்தன. வன்னி வரலாற்றில் கோட்டை ஒன்றைக் கோட்டைக்காரரிடமிருந்து பறித்த நாள் அது.

நான் பிள்ளைகளிடம் கேட்பது அதற்கு அடுத்த கேள்வி. பிடித்த கோட்டைக்குள் அவன் ஏன் உட்காரவில்லை? கடலைப் பார்த்த கோட்டை, கடலில் கப்பல் வைத்திருப்பவனுக்குத்தான் உதவும். கப்பல் இல்லாதவனுக்கு அது பொறி. அவன் காட்டுக்குள் திரும்பினான். ஆங்கிலேயருக்கும் இது தெரிந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்திலிருந்தும் படை நடத்தினார்கள். 1803 அக்டோபர் 31 விடியற்காலையில் ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிரிபேர்க்கின் படை அவனைச் சூழ்ந்தது. காட்டரணை உடைக்க ஒரே வழி அதன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் நுழைவது. அதைத்தான் செய்தார்கள்.

அன்றைக்குத்தான் பண்டாரவன்னியன் இறந்தானா?

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நட்ட கல், இந்த இடத்தின் அருகே வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்று மட்டும் சொல்கிறது. கொன்றதாகச் சொல்லவில்லை. கொன்றிருந்தால் அதை எழுத அவர்கள் கூச்சப்பட்டிருக்க மாட்டார்கள். மேடைப் பேச்சில் கேட்டதைக் கல்லில் படித்ததாக எழுதாதீர்கள், இரண்டு புள்ளி வெட்டுவேன்.

கோட்டைகட்டியகுளத்தில் கோட்டை எங்கே?

துணுக்காய்ப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பெயரை முதலில் கேட்டபோது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்விட்டேன். வயல் வரம்பில் நின்ற பெரியவர் ஒருவரிடம், "ஐயா, கோட்டை எந்தப் பக்கம்?" என்றேன். "நான் பார்க்கவில்லை தம்பி, என் அப்புவும் பார்க்கவில்லை. குளம் இருக்கிறது, வேண்டுமானால் குளித்துவிட்டுப் போங்கள்" என்றார். குளித்துவிட்டு வந்தேன். வன்னித் தலைவன் யாரோ மண்ணால் ஒன்று கட்டியிருக்கலாம் என்று மனதுக்குள் ஆசை இருக்கிறது. ஆசையை வரலாறு என்று எழுதக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நான் எழுதினால் எப்படி? பறங்கியாறு என்ற பெயரும் அதே வகை. பறங்கி என்றால் போர்த்துக்கேயன். அவன் அந்த ஆற்றங்கரையில் என்ன செய்தான் என்பதற்குப் பெயரைத் தவிரச் சாட்சி கேட்காமல் கதை கட்டுபவர்கள் நிறையப் பேர்.

கோட்டைக்குள் புதையல் இருக்கிறதா?

இல்லை. ஆனால் புதையல் தேடியவர்கள் தோண்டிய குழிகள் இருக்கின்றன, கால் வைக்கும்போது கவனம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. ஒரு கல்லைப் பெயர்த்து வீட்டு மதிலுக்குக் கொண்டுபோவதும் குற்றம்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

நிற்கும் மூன்றையும் பார்க்கலாம், விடியுமுன் புறப்பட்டால். வவுனியாவிலிருந்து முதலில் அரிப்புக்குப் போங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தக் கடற்கரையில் ஒதுங்க நிழல் இல்லை. தோரிக் மாளிகையின் தூண்களுக்குக் கீழே நிற்காதீர்கள், எது எப்போது விழும் என்று கடலுக்கு மட்டும் தெரியும். பத்து மணிக்கு மன்னார்க் கோட்டை. மதிய உணவை மன்னார் நகரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், வடக்கே போகப்போகக் கடை குறையும். பிறகு கரையோர வீதியால் இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில் தாண்டிப் பூநகரி. மாலை வெயில் மதிலில் படும் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். வழியில் மிதிவெடிப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்கவேண்டாம். ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஒரு தொப்பி, ஒரு பென்சில். வரைபடத்தாள் என்னிடம் இருக்கிறது.